வண்டிச் சாவியும் சனிக்கிழமை மாலையும்: மிஷனரிக் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டில் பதினான்கு வருடம், மூன்று குழுக்களில் இருந்து ஊழியம் செய்தேன். உடன் ஊழியர்களோடு அன்பாக வாழ்வதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் குழுவில் ஆறு பேர். தினமும் காலையில் சேர்ந்து ஜெபிக்கிறோம். ஆனாலும் இரண்டு பேருக்குள் பேச்சே இல்லை. ஜெபம் இருந்தும் ஏன் இப்படி?

தம்பி, "ஆண்டவரே, எங்களுக்கு ஒருமனம் தாரும்" என்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விட முடியும். நானே ஒரு வருடம் அப்படி இருந்தேன். குழுவின் வண்டிச் சாவி யாரிடம் இருப்பது என்பதில் தொடங்கிய மனஸ்தாபம் அது. இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய் எப்படிப் பேசுவது என்று வெட்கப்பட்டேன். பேசாததால்தான் அது கசப்பாக வளர்ந்தது.

1800 ஜனவரியில், வங்காளத்தின் செராம்பூரில் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கிய ஆங்கிலேய மிஷனரிகள் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகியோரின் கூட்டுக்குடும்பம் தங்களுக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டது. வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர் கையில். சனிக்கிழமை மாலையோ, தங்களுக்குள் வந்த வேறுபாடுகளைச் சரிசெய்து, மறுபடியும் அன்புகூர ஒப்புக்கொடுப்பதற்கு. வேறுபாடு வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தார்கள் பாருங்கள், அதுதான் என்னைத் தொட்டது.

நீங்களும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். குற்றம் சொல்லித் தொடங்க வேண்டாம். "இந்த வாரம் நான் உங்களில் யாரையாவது புண்படுத்தினேனா?" என்று ஒவ்வொருவரும் கேட்கட்டும். தலைவர் முதலில் கேட்கட்டும். முதல் சில வாரங்கள் எல்லோரும் "ஒன்றுமில்லை" என்பார்கள். விட்டுவிடாதீர்கள். பேசாமல் இருக்கும் அந்த இரண்டு பேரை மட்டும் கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டாம். முதலில் அவர்கள் தனியாகச் சந்திக்கட்டும். மத்தேயு 18 காட்டும் வழியும் அதுதான்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நாட்டில் மனம் ஒட்டவில்லை. இரவெல்லாம் அழுகிறாள். குழுவில் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஐயா, சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.

வில்லியம் கேரியின் மனைவி டாரதி முதலில் இந்தியாவுக்கு வரவே சம்மதிக்கவில்லை. வந்த பிறகு 1794-ல் அவர்களுடைய மகன், சிறுவன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் அவர் மனநிலை தேறவே இல்லை; 1807-ல் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார். கேரியின் சாதனைகளைச் சொல்லும்போது அந்தத் தாயை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம், அது எனக்கு வேதனையாக இருக்கிறது. கவனிப்பார் இல்லாமல் வளர்ந்த அவருடைய பிள்ளைகளைப் பிற்பாடு அக்கறையோடு பார்த்துக்கொண்டவர் மார்ஷ்மனின் மனைவி ஹன்னா. குழு என்றால் அதுதான், இன்னொருவர் வீட்டுப் பாரத்தைக் கேட்காமலே சுமப்பது.

உங்கள் மனைவிக்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். சிகிச்சைக்காக ஊர் திரும்ப வேண்டியிருந்தால் திரும்புங்கள். குழுவில் யாராவது அதை விசுவாசக் குறைவு என்றால், அவர் திருந்த வேண்டும், உங்கள் மனைவி அல்ல.

கேள்வி: நான் திருமணமாகாதவள். எல்லாக் குடும்பங்களும் என்னைப் பிள்ளை பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்கள்.

தங்கச்சி, இதை அந்தச் சனிக்கிழமை மாலையில் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவளை வேலைக்கு அல்ல, வெறுமனே சாப்பிடக் கூப்பிடுங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் போய்ப் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் மூன்று நாட்டினர். ஒருவர் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறார், எங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறது.

"கோபம் வந்தால் உங்கள் வீட்டில் எப்படிக் காட்டுவார்கள்?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நம்முடைய மௌனம் அவரையும் அதே அளவு குத்தியிருக்கும்.

கேள்வி: எவ்வளவு முயன்றும் சேர்ந்து வேலைசெய்ய முடியாவிட்டால் பிரியலாமா?

பிரியலாம். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்ததை அப்போஸ்தலர் 15 மறைக்கவில்லை. ஆனால் பர்னபா மாற்குவைக் கைவிடவில்லை. பிற்பாடு பவுலே, மாற்கு ஊழியத்தில் தமக்குப் பயனுள்ளவன் என்று சொல்லி அவனை அழைத்துவரச் சொல்கிறார். பிரிந்தவரைப் பற்றி, உங்கள் ஊழியத்தைத் தாங்குகிறவர்களிடமும் சபையாரிடமும் தவறாகப் பேசாதீர்கள். திரும்பி வரும் வழி அடைபட்டுப் போகும்.

கேள்வி: நாங்கள் நால்வரும் எட்டு வருடமாகச் சேர்ந்திருக்கிறோம். புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. எப்படிச் சேர்த்துக்கொள்வது?

நெருக்கமான குழுவுக்குத்தான் இது கடினம். செராம்பூர் மூவர் கடைசிவரை ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பிறகு வந்த இளைய மிஷனரிகளோடு அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. இளையவர்கள் கல்கத்தாவில் தனியே ஊழியம் தொடங்கினார்கள். 1827-ல் செராம்பூர் ஊழியம் தங்களை அனுப்பிய தாய்ச் சங்கமான பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்திலிருந்தே பிரிந்தது.

"இங்கே இப்படித்தான் வழக்கம்" என்பதை முதல் மாதம் முழுவதும் சொல்லாமல் இருந்து பாருங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால், காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். வந்த முதல் வாரமே வண்டிச் சாவி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.