சரக்கு தெரிந்தவருக்கே மொழி கைகொடுக்கும்

அயல்நாட்டு வணிகத்தில் வேலை தேடுவோரிடமிருந்தும், ஏற்கெனவே அதில் இருப்போரிடமிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஏற்றுமதி நிறுவனத்தில் சேர விரும்புகிறேன். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் என எல்லாவற்றிலும் ஆரம்பநிலைச் சான்றிதழ் வாங்கி வைத்தால் வேலை எளிதாகக் கிடைக்கும் என்கிறார் என் மாமா. எதை முதலில் படிக்கலாம் ஐயா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மாமா அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வழி உங்கள் காலத்தையும் பணத்தையும் விழுங்கிவிடும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஏ1 முடித்தவர் தம் பெயரையும் ஊரையும் சொல்வார், கடையில் விலை கேட்பார். சரக்கில் குறை கண்ட வாடிக்கையாளர் எழுதும் கடிதத்தைப் படித்து, நிறுவனத்தின் சார்பில் பொறுப்பான மறுமொழி எழுத வேண்டுமானால் பி2 அளவுத் தேர்ச்சியாவது வேண்டும். நான்கு மொழிகளில் வாசற்படி வரை போய்த் திரும்பியவரைவிட, ஒரு மொழியில் பி2 வரை சென்றவருக்கே வேலை இருக்கிறது.

எந்த மொழி என்ற கேள்வியை மொழியிலிருந்து தொடங்காமல் சரக்கிலிருந்து தொடங்குங்கள். திருப்பூர்ப் பின்னலாடைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பெருஞ்சந்தைகள். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. பொள்ளாச்சிப் பகுதியில் தென்னை நார்க்கழிவை அழுத்திச் செய்யும் கட்டிகள், மண்ணில்லாமல் பயிர் வளர்க்கும் பசுமைக்குடில்களுக்காக நெதர்லாந்து, ஸ்பெயின், தென்கொரியா, மெக்சிகோ போன்ற நாடுகளுக்குச் செல்கின்றன. இவற்றில் நெதர்லாந்துக்காரர் ஆங்கிலத்திலேயே பேசி முடித்துவிடுவார். டச்சு தெரியாததால் அங்கே எந்த வணிகமும் நின்றுபோவதில்லை. தென்ஸ்பெயினின் காய்கறிப் பண்ணையாளரிடமோ மெக்சிகோவில் பெர்ரி பயிரிடுபவரிடமோ நேரடியாக விற்க நினைத்தால், ஸ்பானிஷ் தெரிந்த ஓர் ஆள் இருப்பதன் பயனே வேறு. அந்த மொழி ஏறத்தாழ இருபது நாடுகளில் ஆட்சிமொழி என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து திருப்பூர் எட்டிவிடும் தொலைவில் இருப்பதால், அங்கேதான் வேலை தேடுவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதல் ஓராண்டை ஆங்கிலக் கடித எழுத்துக்கே கொடுத்துவிடுங்கள். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. நிறம், அளவு, எண்ணிக்கை, தேதி, விலை ஆகியவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதும் ஆங்கிலம் போதும். தமிழ்வழியில் படித்தது இதற்குத் தடையே அல்ல. தமிழில் ஒரு செய்தியை முன்பின் பிறழாமல் எழுதத் தெரிந்தவருக்கு இது சில மாதங்களில் கைவரும்.

அதோடு சேர்த்து ஆவணங்களைப் படியுங்கள். சரக்கு வகைப்பாட்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை, நம் நாட்டில் அது எட்டு இலக்கமாக நீள்கிறது. பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு முதல் ஆறு இலக்கங்கள் 610910. விலையை எஃப்.ஓ.பி. என்று சொன்னால் சரக்கு கப்பலில் ஏறும் வரைதான் உங்கள் செலவு, சி.ஐ.எஃப். என்று சொன்னால் கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்கள் தலையில். எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதத்தில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. கடிதத்தில் வேறு கெடு குறிப்பிடப்படாவிட்டால், கப்பல் ஏற்றிய 21 நாட்களுக்குள் மூல ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்பது, உறுதிக் கடிதங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பாக 2007 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600-இன் விதி. ஆவணத்தில் உள்ள சரக்கு விவரமோ தேதியோ உறுதிக் கடிதத்தோடு முரண்பட்டால் வங்கி பணம் தர மறுக்கலாம். அந்தக் கடிதத்தை வரி விடாமல் படித்துப் பொருள் சொல்லக்கூடிய பெண்ணை எந்த நிறுவனமும் விடாது. அதன் பிறகு இரண்டாம் மொழிக்குப் போங்கள். ஜெர்மன் என்றால் கோவையிலேயே கோதே மையம் இருக்கிறது. பிரெஞ்சுக்குச் சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் உள்ளது.

கேள்வி: ஆடை ஆர்டர்களைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஜெர்மன் பையர் (வாங்குபவர்) ஒருவரின் ஆர்டர் சாயப்பட்டறையில் தாமதமானது. எப்படியும் சமாளித்துவிடலாம் என்று நம்பி, கேட்டபோதெல்லாம் 'விரைவில் அனுப்பிவிடுவோம்' என்று பணிவாகவே எழுதினேன். கடைசி வாரத்தில்தான் உண்மையைச் சொல்ல நேர்ந்தது. அன்று முதல் அவரிடமிருந்து ஒற்றை வரிக் கடிதங்களே வருகின்றன. மரியாதைக் குறைவாக நான் எதுவும் எழுதவில்லையே, எங்கே தவறினேன்?
— வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பணிவில் குறையில்லை. அந்தப் பணிவு அவருக்குத் தேவைப்பட்ட செய்தியை மறைத்துவிட்டது என்பதுதான் குறை. கேட்டவர் முகம் வாடும்படி 'முடியாது' என்று சொல்ல நம் பக்கத்து மனிதருக்கு மனம் வருவதில்லை. சாயப்பட்டறைக்காரர் உங்களிடம் 'நாளைக்கு ஆயிருங்க' என்றபோது அதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் குரலிலேயே பாதி விடை இருந்திருக்கும். நீங்கள் அதே சொல்லை ஆங்கிலத்தில் ஜெர்மனிக்கு அனுப்பியபோது குரல் போகவில்லை, சொல் மட்டும் போயிற்று. அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

அவருடைய நிலையிலிருந்து பாருங்கள். ஐரோப்பிய வாங்குபவர்களில் பலர் ஆண்டை வார எண்களாகப் பிரித்தே திட்டமிடுகிறார்கள். வாரம் திங்களில் தொடங்கும். ஜனவரி 4 விழும் வாரமே முதல் வாரம். 36-ஆம் வாரம் என்றால் 2025-இல் செப்டம்பர் 1 முதல் 7 வரை. 2026-இல் அதுவே ஆகஸ்ட் 31-இல் தொடங்குகிறது. அந்த வாரத்துக்கென்று கிடங்கில் இடம், கடைகளில் அடுக்கு, விளம்பரத் தாளில் படம் எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு சொல்லப்பட்ட தாமதத்தை அவரால் தம் மேலாளரிடம் விளக்க முடியும், வேறு சரக்கை அங்கே நிறுத்த முடியும். கடைசி வாரத்தில் சொன்னால் விமானத்தில் அனுப்பு என்பார், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் லாபத்தைத் தின்றுவிடும்.

ஒற்றை வரிக் கடிதம் கோபத்தின் அடையாளம்தான் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். நலம் விசாரிக்காமல் நேரே பொருளுக்கு வருவது ஜெர்மானியரின் அலுவலகக் கடிதங்களில் இயல்பானது, அதில் அவமதிப்பு இல்லை. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதுவதல்ல. என்ன நேர்ந்தது, எத்தனை பீஸ் தயாராக உள்ளது, மீதி எந்தத் தேதியில் முடியும், பகுதியாக அனுப்பலாமா, மொத்தமாக அனுப்பலாமா என்ற தெரிவை அவரிடமே விட்டு, பத்து வரிக்குள் எழுதுங்கள். அடுத்த ஆர்டரில் நூல் வந்த நாள், சாயம் முடிந்த நாள், கட்டிங் தொடங்கிய நாள் ஆகியவற்றை அவர் கேட்பதற்கு முன்பே வாரந்தோறும் அனுப்பி வாருங்கள். முதல் பெயரால் அழைக்குமாறு அவரே சொல்லும் வரை குடும்பப் பெயரோடு ஹெர் (ஆணுக்கு), ஃப்ராவ் (பெண்ணுக்கு) என்று விளிப்பதே முறை. ஆகஸ்டில் பலர் நீண்ட விடுமுறையில் போவதால் ஒப்புதல் வேண்டிய சாம்பிள்களை ஜூலைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயக் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஐரோப்பியர் கேட்கும்போது நம்மவர் பலர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதால் உழவர்கள் பட்ட பாடு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமானது ஆகிய எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லத் தெரிந்த மெர்ச்சண்டைசரை அவர்கள் நம்புகிறார்கள். அயலாரின் பண்பாட்டைப் படிப்பதற்கு முன்பு நம் ஊரின் கதையை நேர்மையாகச் சொல்லப் பழகுவது இந்த வேலைக்கு மிகவும் அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகள் ஜப்பானிய மொழியில் என்3 தேறியிருக்கிறாள். மென்பொருள் நிறுவனங்கள்தான் அழைக்கின்றன. பெங்களூருக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. கரூர்ப் பக்கத்திலேயே அவளுடைய படிப்புக்கு வேலை உண்டா?
— வாசகர், கரூர்

பதில்: போவதா இருப்பதா என்பதை மகளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வேலை உண்டா என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்: உண்டு, ஆனால் அதை அவர்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். என்5-இல் தொடங்கி என்1-இல் முடியும் ஐந்து நிலைகளில் அவர் நடுவில் இருக்கிறார். வணிகக் கடிதங்களைத் துணையின்றிக் கையாள என்2 தேவை. ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடப்பதால் அதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கிடையில் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, படுக்கை விரிப்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் அவர் சில மாதங்களாவது தறியருகே நிற்கட்டும். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), நூல் எண் (நூலின் பருமனைக் காட்டும் எண்), சாயம் இறங்காத் தன்மை ஆகியவை கைக்குப் பழகாமல் ஜப்பானியரின் தர அறிக்கையை மொழிபெயர்க்க முடியாது. துணியில் உடைந்த ஊசி முனை எதுவும் சிக்கியிருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பெட்டியும் ஊசி கண்டறியும் கருவியின் வழியே செல்ல வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்துவார்கள். சிறு ஆர்டருக்கே பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்பார்கள். நிறுவனத்துக்குள் தொடர்புடைய எல்லோரும் இசைந்த பின்னரே முடிவெடுப்பதால் பதில் தாமதமாகும். இந்தத் தாமதத்தை விருப்பமின்மை என்று எண்ணி விலையைக் குறைத்து எழுதிக் கெடுத்துக்கொண்டவர்கள் நம் பகுதியில் உண்டு. பொறுத்திருந்து ஒருமுறை நம்பிக்கையைப் பெற்றுவிட்டால், ஆண்டுக் கணக்கில் விட்டுப் போகமாட்டார்கள். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் சலுகையைப் பெற, சரக்கு இங்கே உருவானது என்ற மூலச் சான்றிதழ் வேண்டும். அதற்கான விதிகளையும் மகள் படித்து வைத்திருந்தால் உரிமையாளரிடம் பேசும்போது மொழியைவிட அது முதலில் எடுபடும்.

கேள்வி: மொழிபெயர்க்கும் செயலி கைப்பேசியிலேயே இருக்கும்போது இவ்வளவு பாடுபட்டு மொழி படிக்க வேண்டுமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அன்றாடக் கடிதங்களின் பொருளை அறிய அது பேருதவி. ஆனால் ஸ்பெயினிலிருந்து வரும் விலைத்தாளில் 1.250 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்துக்குக் காற்புள்ளியும் இடுவது வழக்கம். அமெரிக்கர் 05/06 என்று எழுதினால் அது மே 6. இவற்றைச் செயலி திருத்தாமல் அப்படியே விட்டுவிடக்கூடும். கனடாவுக்குப் போகும் ஆடையின் இழை விவரம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும், வளைகுடாவுக்குப் போகும் உணவுப் பொட்டலத்தில் அரபி இருக்க வேண்டும். அச்சில் ஏறிய பிழைக்குக் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போது செயலி பொறுப்பேற்காது. ஆகவே விலை, அளவு, தேதி, நார்க்கட்டியின் உப்புத்தன்மை, லேபிள் ஆகிய ஐந்தையும் மொழி தெரிந்த ஒருவர் படித்துக் கையொப்பமிட்ட பிறகே வெளியே அனுப்புவது என்று உங்கள் நிறுவனத்தில் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கடிதங்களைச் செயலியிடம் விடலாம்.