பதுங்குகுழிக் கவிஞருக்கு முசோலினி எழுதிய முன்னுரை

"போரின் கொடுமையை நேரில் பார்த்த இத்தாலியக் கவிஞர்கள் பாசிசத்தின் பக்கம் போனது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனுன்சியோவையும் மரினெத்தியையும் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஒருவர் 1919இல் ஆட்களைத் திரட்டிப்போய் ஃபியூமே நகரையே பிடித்துக்கொண்டவர். இன்னொருவர் 1909லேயே போரைப் போற்றி அறிக்கை விட்டவர். இவர்கள் விஷயத்தில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தவர் இன்னொரு கவிஞர், உங்காரெத்தி. முதல் உலகப் போரில், இத்தாலி ஆஸ்திரியாவோடு மோதிய கார்சோ பீடபூமியில் சாதாரணச் சிப்பாய். சிதைந்து கிடந்த தோழனின் பிணத்தருகே இரவு முழுக்கப் படுத்திருந்து, அன்பு நிறைந்த கடிதங்கள் எழுதியதாக ஒரு கவிதையில் சொல்கிறார். இன்னொன்றில் சிப்பாய்களின் நிலை இலையுதிர்காலத்து இலைகளின் நிலை, கவிதையே அவ்வளவுதான். எதிரியைத் திட்டும் ஒரு வரியை நான் இந்தக் கவிதைகளில் பார்த்ததில்லை. 1916இல் உதினே ஊரில் அச்சான அவருடைய முதல் தொகுப்பு ‘புதைந்த துறைமுகம்’ மொத்தம் 80 பிரதிகள். அதே பெயரில் 1923இல் விரிவான பதிப்பு வருகிறது. முன்னுரை: முசோலினி. அப்போது அவர் நாட்டின் பிரதமர்!

பதவிக்காக என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்காரெத்தி பிறந்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில், 1888இல். சூயஸ் கால்வாய் வேலைக்குப் போன அப்பா, பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். இவர் இத்தாலியைக் கண்ணால் பார்த்ததே இருபது வயது தாண்டிய பிறகு. ராணுவச் சீருடையைத் தன் தந்தை கிடந்த தொட்டில் என்று ஒரு கவிதையில் சொல்வார். அந்தச் சீருடைதான் அவருக்குச் சொந்த ஊர்ச் சீட்டு. முசோலினியும் 1917இல் அதே கார்சோவில் காயம்பட்டவர். பதுங்குகுழியில் கிடந்தவர்கள்தான் இனி நாட்டை ஆள வேண்டும் என்று எழுதியவர். போருக்குப் பின் அவருடைய பத்திரிகைக்குத்தான் உங்காரெத்தி பாரிஸிலிருந்து எழுதினார். 1925இல் பாசிச அறிவுஜீவிகளின் அறிக்கையிலும் கையெழுத்திட்டார்.

சரி, போர்முனைதான் காரணம் என்றால் இன்னொரு இத்தாலியக் கவிஞர் மொந்தாலேயை என்ன செய்வது? அவரும் அதே போரில் மலைப் போர்முனையில் நின்றவர்தான். அதே 1925இல் தத்துவவாதி குரோச்சே எழுதிய பாசிச எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார். பாசிசக் கட்சி அட்டை வாங்காததால் 1938இல் ஃப்ளோரன்ஸ் நூலக இயக்குநர் வேலை போனது. ஆனால் அவருக்குச் சொந்த மண்ணும் கடலும் பிறந்ததிலிருந்தே இருந்தன. தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. உங்காரெத்தி 1942இல் அரசு அகாடமி உறுப்பினர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டவர்.

அப்புறம், அவருடைய போர்க் கவிதைகளின் தலைப்பிலோ அடியிலோ எழுதிய இடமும் தேதியும் இருக்கும். இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 1916 என்று இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக வாசிக்கிறேன்.