கடை முகப்பில் கை வைக்கும் முன்: குமரி மாவட்டக் கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கோட்டாறு: அண்ணாச்சி, எங்க கடை தாத்தா காலத்து ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் நிரப்பலகை, அதாவது காடியில வரிசையா செருகி அடைக்கிற பலகைக் கதவு. அதை எடுத்துட்டு ரோலிங் ஷட்டர் போட மாநகராட்சி அனுமதி வேணுமா?

சுவரை இடிக்காமல், பரப்பையும் உயரத்தையும் கூட்டாமல் கதவு மட்டும் மாற்றினால் திட்ட அனுமதி வேண்டாம். ஓடு மாற்றுவது, பூச்சு, வெள்ளையடிப்பு எல்லாம் இதே கணக்குதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இவற்றைப் பழுதுபார்ப்பாகத்தான் பார்க்கிறது. ஆனால் ஷட்டர் வேலை கதவோடு நிற்பதில்லை. சுருள் பெட்டிக்கு வாசலுக்கு மேல் சுமார் 1 அடி உயரம் வேண்டும். பழைய கடைகளில் அந்த இடம் இருக்காது. அதற்காக முன் உத்திரத்தை வெட்டுவார்கள், அல்லது நடுத்தூணை எடுத்து வாசலை அகலப்படுத்துவார்கள். அப்போது அது கட்டமைப்பு மாற்றம். பதிவு பெற்ற பொறியாளரின் வரைபடத்தோடு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து கூரைக்கு: உத்திரம் போனால் ஓட்டைச் சுமக்கும் சாய்மரமான கழிக்கோலின் பாரம் தாங்க ஆளில்லை. இரண்டு மழைக்குள் முன் வரிசை ஓடு தொங்கிவிடும்.

பாதுகாப்புக்கு ஷட்டர் வேண்டுமென்றால் நிரப்பலகைக்கு உள்பக்கம் போடுங்கள். ஷட்டர் ஏறி இறங்கும் வழிக்கம்பியைச் சுண்ணாம்புக் காரைச் சுவரில் அறையாதீர்கள், போல்ட் சில மாதத்தில் ஆடத் தொடங்கும். தரையிலிருந்து தனி இரும்புத் தூண் நிறுத்தி அதில் பொருத்தச் சொல்லுங்கள். கோட்டாறில் இப்படியொரு தனியார் கடை, பழங்காலக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியல் எதிலும் இல்லாவிட்டால், நிரப்பலகையை வைத்திரு என்று கட்டாயப்படுத்தும் விதி கிடையாது. முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த அகலத்தில் அயினி மரப் பலகை இனி எளிதில் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதே கோட்டாறு: சரி, பலகையை வைச்சுக்கிடுறோம். மழைக்காலத்துல இறுகிப் போகுது, அடிப்பக்கம் உளுத்திருக்கு.

பலகையைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் உளியால் வரிசை எண் போடுங்கள். பெயிண்டில் எழுதினால் அழிந்துவிடும். இறுகுவதற்குக் காரணம் மரம் ஈரம் குடித்து உப்புவது. மாசி, பங்குனியில் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பலகைக்குப் பலகை 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு விளிம்பைச் சீவுங்கள். ஈரத்தோடு சீவினால் கோடையில் இடைவெளி பெரிதாகிவிடும். உளுத்த அடிப்பகுதிக்காக முழுப் பலகையையும் தூக்கிப் போட வேண்டாம். கெட்டது போக நல்ல மரம் வரை சாய்வாக வெட்டி, அதே இன மரத்தை ஒட்டுப்போட்டு மர முளை அடிக்கலாம். பலகையின் அடி உட்காரும் பள்ளமான கீழ்க்காடியில் தண்ணீர் நிற்பதுதான் மூல காரணம். தெருப் பக்கமாக இரண்டு மூன்று வடிகால் துளை போடாவிட்டால் புது ஒட்டும் அழுகிவிடும்.

குளச்சல்: முன்சுவர்ல சிமென்ட் பூசி மூணு வருஷம்தான் ஆகுது. பாளம் பாளமா விழுது. கடல் காத்தா சார்?

உப்புக் காற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி சிமென்ட். சுண்ணாம்பில் கட்டிய சுவர் அடியிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைக்கிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கி, உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. மேலே இன்னொரு கோட்டிங் அடிப்பது பணத்துக்குக் கேடு. ஈரக்கறை எதுவரை ஏறியிருக்கிறதோ அதற்கு மேல் 1 அடி வரை சிமென்டைச் செதுக்கி எடுங்கள். இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, சுவரை வாரக்கணக்கில் காயவிடுங்கள். பிறகு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு உப்பில்லாத ஆற்று மணல் என்ற கலவையில் இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் 10 முதல் 12 மில்லிமீட்டர். ஒரு வாரமாவது நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தால்தான் வெடிப்பு வராது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான்.

சிதறால்: மலையடிவாரத்துல ஓலைக் கடை இருக்கு. கான்கிரீட் போடலாமா?

சிதறால் சமணச் சின்னம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வட்டக்கோட்டையும் அப்படித்தான். பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பலர் கோயில் சுவரிலிருந்து அளந்து ஏமாந்துவிடுகிறார்கள். முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்துக்குப் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் மட்டும், அதுவும் தேசிய நினைவுச்சின்ன ஆணைய ஒப்புதலோடு. பழைய வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு ஆவணமும் அந்தத் தேதிக்கு நல்ல சான்று. அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், அனுமதியோடு. விண்ணப்பம் ஒப்புதலாகி வர மாதக்கணக்கில் ஆகும். தேதி குறித்துக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பத்மநாபபுரம்: அரண்மனைப் பக்கத்துத் தெருவுக்கும் இந்த 100 மீட்டர்தானா?

அந்த வட்டம் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு உரியது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. கட்டட அனுமதி நம்ம நகராட்சியிடம். இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

களியக்காவிளை: போர்டுல தமிழும் மலையாளமும் சமமா போடலாமா?

கூடாது. கடைகள் நிறுவனங்கள் விதிப்படி தமிழ்தான் மேலே, அதுவும் பெரிதாக. மூன்று மொழி என்றால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு. 5 அடி உயரப் பலகையில் தமிழுக்கு இரண்டரை அடி, ஆங்கிலத்துக்கு ஒன்றரை, மலையாளத்துக்கு 1. பழைய கடைகளில் ஓட்டு விளிம்பை மறைத்துப் பலகை மாட்டாதீர்கள். மழைநீர் பலகைக்குப் பின்னால் இறங்கிச் சுவரை நனைக்கும். வாசல் நிலைக்கு மேல், ஓட்டுக்குக் கீழ் இருக்கும் பட்டைக்குள் அடங்கும் அளவே சரி. மின்கம்பி பக்கத்தில் போனால் கிடைமட்டமாக 1.2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் நேரத்தில் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள்.