ஷேக்ஸ்பியரும் கூட்டாளிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த விடுமுறையில் ‘மாக்பெத்’, ‘ஹாம்லெட்’ இரண்டையும் மொழிபெயர்ப்பில் படித்தேன். மாக்பெத் ஒரே மூச்சில் ஓடியது. ஹாம்லெட் பாதியில் நின்றுவிட்டது. நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “அதையெல்லாம் ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கவே மாட்டார். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழகம் போகாதவர். தானே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அச்சில் கொண்டுவராமலா செத்திருப்பார்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

படிப்பு பற்றிய சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் நல்ல பள்ளி இருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு லத்தீன்தான் படிப்பு. அப்பா கையுறை செய்தவர், சரி. ஆனால் 1568இல் அந்த ஊரின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அதே காலத்தில் நாடகம் எழுதிய பென் ஜான்சன் கொத்தனார் வேலை பார்த்தவர். கிறிஸ்டோஃபர் மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். லண்டன் நாடக மேடையே இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளால் ஆனதுதான்.

உங்கள் நண்பரின் அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஏன் எல்லாவற்றையும் அச்சிடவில்லை?

1594இலிருந்து ஷேக்ஸ்பியர் ஒரு நாடகக் கம்பெனியில் நடிகர், எழுத்தாளர், பங்குதாரர். எழுதிக் கொடுத்த நாடகம் கம்பெனியின் சொத்து. அவருடைய வருமானம் வசூலில் கிடைக்கும் பங்கிலிருந்து வந்தது. புத்தக விற்பனையில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1593, 94இல் கொள்ளைநோயால் அரங்குகள் மூடிக்கிடந்தபோது இரண்டு நெடுங்கவிதைகளை அச்சுக்குக் கொடுத்தார். வாசகருக்கென்று எழுதியவை அவை. நாடகங்களை அவர் எழுதியது தன்னோடு மேடையில் நிற்கும் ஆட்களுக்காக.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1600இல் அச்சான ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகப் பிரதியில் ஒரு காட்சியில் பெரும்பாலும் டாக்பெரி என்ற காவலன் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘கெம்ப்’ என்று இருக்கிறது. வில் கெம்ப் அந்தக் கம்பெனியின் சிரிப்பு நடிகர். எழுதும்போது ஷேக்ஸ்பியரின் மனதில் நின்றது பாத்திரமல்ல, கூட்டாளியின் முகம். ஒரு மனிதர் தன் சகாக்களை எவ்வளவு நெருக்கமாகப் பார்த்துக்கொண்டே எழுதினார் என்பது அந்த ஒரு பக்கத்தில் அப்படியே தெரிகிறது. எந்த வாழ்க்கை வரலாறும் எனக்கு இந்த நெருக்கத்தைத் தந்ததில்லை.

கெம்ப் 1599 வாக்கில் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் ராபர்ட் ஆர்மின். பாடத் தெரிந்தவர், தானே எழுதவும் கூடியவர். உடனே கோமாளிகள் மாறிவிடுகிறார்கள். கலகலவென்று சத்தம் போடும் வேலையாள் போய், பாடிக்கொண்டே கசப்பான உண்மையைச் சொல்லும் விதூஷகன் வருகிறான். ஹாம்லெட்டையும் ஒத்தெல்லோவையும் லியரையும் நடித்தவர் ரிச்சர்ட் பர்பேஜ். அவர் வயது ஏற ஏற நாயகர்களுக்கும் வயது ஏறுவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, அன்று நடிகருக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. தன் பாடம், அதாவது தான் பேச வேண்டிய வசனம் மட்டும், அதற்கு முன்னால் மற்றவர் பேச்சின் கடைசி இரண்டு மூன்று சொற்கள், அவ்வளவுதான். ஆகவே எதிரே நிற்பவர் பேசுவதை உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்டால்தான் தன் முறை வரும். ஹாம்லெட்டில் நீங்கள் நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1603இல் வந்த அதன் முதல் பதிப்பின் நீளம், அடுத்து வந்த பதிப்பில் பாதியைவிடச் சற்றே அதிகம். நீண்ட வடிவத்தை முழுதாக நடித்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்து, அவர் பாடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவை முதல்முறையாகக் கேட்டேன். எல்லோரும் அவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்குக் கிடைப்பது துண்டு துண்டான பதில்கள்.

1616 மார்ச்சில் எழுதிய உயிலில் ஷேக்ஸ்பியர் மூன்று கூட்டாளிகளுக்கு, மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுச்சென்றார். பர்பேஜ், ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டல். அடுத்த மாதம் ஷேக்ஸ்பியர் இறந்தார். பர்பேஜும் 1619இல் போய்விட்டார். மற்ற இருவரும் கம்பெனியின் தாள்களையும் முன்பு வந்த பதிப்புகளையும் திரட்டி, 1623இல் 36 நாடகங்களை ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அவற்றில் 18 அதுவரை அச்சுக்கே வராதவை. அவர்கள் சேர்த்திராவிட்டால் நீங்கள் ஒரே மூச்சில் படித்த மாக்பெத் நமக்குக் கிடைத்திருக்காது; ஜூலியஸ் சீசரும் டெம்பெஸ்ட்டும்கூட. லாபத்துக்கோ புகழுக்கோ அல்ல, நண்பரின் நினைவு வாழ வேண்டும் என்பதற்காகவே செய்தோம் என்று புத்தகத்தின் சமர்ப்பண உரையில் எழுதியிருக்கிறார்கள். ‘எங்கள் ஷேக்ஸ்பியர்’ என்கிறார்கள். பல ஆண்டுகள் கூடவே நடித்து, கூடவே கணக்குப் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை அது. யார் எழுதியது என்ற கேள்விக்கு எனக்கு அவர்கள் சாட்சி போதும்.

அடுத்து ‘ட்வெல்ஃப்த் நைட்’ படியுங்கள். அதுவும் அந்த 18இல் ஒன்று. கோமாளி ஃபெஸ்டே ஆர்மினுக்காக எழுதிய பாத்திரம் என்றே நினைக்கிறேன். கடைசியில் காதலர்கள் ஜோடி சேர்ந்து போனபின் அவன் மட்டும் மேடையில் நின்று, தினமும் மழை பெய்கிறது என்று ஒரு பாட்டுப் பாடுவான். அதை முடித்த கையோடு ‘லியர் அரசன்’ மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். புயலில், பித்துப்பிடிக்கத் தொடங்கிய அரசனுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு, அங்கேயும் கோமாளி அதே மழைப் பாட்டைப் பாடுகிறான்.

அன்புடன்.