பேசிக்கொண்டே ஓட முடிகிறதா?

ஓடத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், கோவையில் அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது காலை வேளைகளில் ரேஸ்கோர்ஸ் சாலையில் புதியவர்களுக்கு ஓட்டம் பழக்குகிறார்.

கேள்வி: வயது 38. வங்கி வேலை. ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே மூச்சு இரைக்கிறது. விலாவில் பிடித்துக்கொள்கிறது. பள்ளி நாட்களில் கபடி ஆடியவன் நான். நுரையீரல் கெட்டுவிட்டதோ?
— வாசகர், சேலம்

நுரையீரலின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே பதிலைத்தான் எழுதுகிறேன்; எத்தனை முறை எழுதினாலும் அலுப்பதில்லை, ஏனென்றால் ஓட்டத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர் இந்த ஒன்று தெரியாமல்தான் விட்டார்கள். கபடிக் களத்தில் நீங்கள் பழகியது பாய்ச்சல். "ஓடு" என்றதும் உங்கள் கால்களுக்கு நினைவு வருவது அந்த வேகம். அதே வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் பழக்கமில்லாத எந்த உடம்பும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் வேண்டாம், வாய் போதும். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் குறையுங்கள். அந்த வேகம் நடப்பதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்து உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

அதோடு, நடையையும் கலந்துகொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, புதியவர்களுக்கு எழுபதுகளிலிருந்தே இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்: கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். களைத்துப்போய் நிற்பதற்கு முன்பே நடந்துவிட வேண்டும், அதுதான் இதன் சூட்சுமம். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று எட்டு சுற்று போங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். இரண்டு வாரம் இதையே செய்துவிட்டு, பிறகு ஓட்டத்தை அரை நிமிடம் அரை நிமிடமாகக் கூட்டுங்கள். இரண்டு, மூன்று மாதங்களில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள்.

என்னிடம் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். கையில் கடிகாரம் கிடையாது. ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்ததுவரை ஓட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பம் நடை என்று வைத்துக்கொண்டார். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் குறுக்காக முடிந்துகொண்டு, ஒவ்வொரு கம்பம் வந்ததும் அதை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் நடையை ஆரம்பிப்பார். மழைக்காலம் முடிவதற்குள் நடக்கிற கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதை முழுவதையும் ஓடினார்.

விலாப்பிடிப்பு பயப்படும் விஷயமில்லை. வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரல்களால் அழுத்திக்கொண்டு, மூச்சை முழுவதுமாக வெளியே விடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே ஓடுங்கள். ஆனால் நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். அதில் துணிச்சல் காட்டக் கூடாது.

கேள்வி: வயது 46, இரண்டு பிள்ளைகள். ஓட ஆசை. தெருவில் ஓடினால் எல்லோரும் பார்க்கிறார்கள். "இந்த வயதில் பெண்ணுக்கு எதற்கு ஓட்டம், கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்கிறார் மாமியார். இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது: ஓடும்போது சிறுநீர் கசிகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

கூச்சத்தை விட்டு எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை இந்த இதழுக்கு முதலில் எடுத்து வைத்தேன். உங்களைப் போல எத்தனையோ பேர் இதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருக்கும். ஓடும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் கசிவது அதனால்தான். பெரும்பாலும் பயிற்சியாலேயே குறைந்துவிடும். சிறுநீரைப் பாதியில் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. இறுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். இப்போதைக்கு மெதுவாக, சின்ன எட்டு வைத்து ஓடுங்கள். கிளம்பும் முன் கழிவறைக்குப் போய்விடுங்கள். உறிஞ்சு துணியோ பேடோ வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் கனமாகவோ ஏதோ இறங்குவது போலவோ இருந்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப்பை இறக்கம் ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே ஓட வேண்டும். மற்றபடி, ஓடினாலே கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது வெறும் பயம்.

அந்தப் பயம் உங்கள் மாமியாருக்கு மட்டும் வந்ததல்ல, ஒலிம்பிக் நடத்தியவர்களுக்கே இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதும், இவ்வளவு தூரம் பெண்ணின் உடம்பு தாங்காது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் எண் அட்டையோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே பிடித்து இழுத்து அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். ஸ்விட்சர் ஓடி முடித்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைத்தது 1984-ல்தான். உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் காலத்தில் கேட்டதைச் சொல்கிறார். முடிந்தால் அவரையும் நடக்க அழைத்துப் போங்கள்.

தெருவில் கூச்சமாக இருந்தால் உங்கள் ஊரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் நிறைய இருக்கும் இடத்தில் ஒருவரையும் யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. போர்வைக்குள் சுருண்டிருக்கிற காலை ஐந்து மணிக்கு, வாசலில் இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்ற நினைப்புதான் எழுப்பிவிடும். உடைக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம் வாங்குங்கள். அணிந்துகொண்டு கடையிலேயே நான்கு முறை குதித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம். முடியவில்லை என்றால் நடந்தால் போதும். கடைசியாக ஒன்று. ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பு இல்லாமல் ஓடினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். அதைத் தங்கள் சோம்பல் என்று நினைத்து நொந்துகொள்ளும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது.

கேள்வி: வயது 24. ஓடத் தொடங்கி மூன்று வாரம். மூச்சு நன்றாக வந்துவிட்டது, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். இப்போது கணைக்காலின் உட்பக்கம் வலிக்கிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறான் நண்பன்.
— வாசகர், திருநெல்வேலி

சரியாகாது, தம்பி. முதலில் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

இளைஞர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போது எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. எலும்பு உறுதிப்படுவது ஓடும்போதல்ல, ஓட்டத்துக்குப் பிந்திய ஓய்வில். தினமும் ஓடினால் அந்த ஓய்வு எங்கே?

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அதிகம் ஓடியதால் வந்த வலி. பனிக்கட்டி ஒத்தடம், ஓய்வு, பிறகு மண் தரையில் நடை-ஓட்டம். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மறுநாளே ஓடிவிடாதீர்கள்.

வலி போன பிறகு, மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று தடவை. ஆடுசதை வலுவானால் எலும்பின் மேல் விழும் சுமை குறையும். உங்கள் நண்பரையும் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த ஷூ இல்லாமல் ஓடக் கூடாதா?
— வாசகர், புதுச்சேரி

ஓடலாம். எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து மறுபடியும் வென்றார். அவருடைய பாதம் சிறு வயதிலிருந்தே அப்படிப் பழகியது. நம் தார்ச்சாலையில் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கின்றன, நீங்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். விலையைவிட அளவுதான் முக்கியம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். ஓடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போகப் போக இளகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் வேறு ஜோடி கேளுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி மெத்தென்ற தன்மையை இழந்துவிடும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: சென்னைப் புழுக்கத்தில் நாலு தெரு ஓடினாலே தொப்பலாக நனைந்துவிடுகிறேன். என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது?
— வாசகி, வேளச்சேரி

வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆகவே டிசம்பர், ஜனவரியில் ஓடிய அதே வேகத்தை மே மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள். சூரியன் ஏறும் முன் முடித்துவிடுங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறு போதும், பசித்தால் ஒரு வாழைப்பழம். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் அதில் குறைவு; ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாகத்துக்கு மேல் தண்ணீரை வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். தலை கிறுகிறுத்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்குதல். நிழலில் படுத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 61. பத்தாண்டாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். ஓடலாமா, காலம் கடந்துவிட்டதா?
— வாசகர், மதுரை

காலம் கடக்கவில்லை, ஐயா. பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் ஓட்டப்பயிற்சியில் முனைப்பாக இறங்கியது எண்பது வயதுக்கு மேல்தான். 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடினார். 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி அவர் இறந்த செய்தியைக் கேட்டு நான் அழுதேன். அதனால்தான் உங்களுக்கு முதலில் சாலையைப் பற்றிச் சொல்கிறேன். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர் நிறச் சட்டை. காதில் பாட்டு வேண்டாம்.

இனிச் சர்க்கரைக்கு வருகிறேன். தொடங்கும் முன் மருத்துவரிடம் இதயம், கண், பாதம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் நின்று அதைச் சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்கு உட்பட இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. முதல் இரண்டு மாதம் நடை மட்டும். அதன் பிறகு மேலே சொன்ன மின்கம்பக் கணக்கு உங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: தெருநாய் துரத்தினால்?
— வாசகி, காரைக்குடி

ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுவதால்தான் துரத்துகிறது. கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கீறல்தானே என்று விடக் கூடாது.

கேள்வி: நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். அடுத்த மாதம் நடக்கும் போட்டியில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கலாமா?
— கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

ஐந்துக்குக் கொடும்மா. ஒரு மாதத்தில் மூன்று ஐந்தாகும், பத்தாகாது. வாரம் ஒருநாள் மட்டும் தூரத்தை அரை கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போ. மற்ற நாட்களில் பழைய தூரம் போதும். போட்டிக்கு முந்தின இரவு வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடு. புது ஷூ, புது உடை எதையும் அன்று முதன்முதலாகப் போடாதே. தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள். தொடங்கியதும் எல்லோரும் பாய்வார்கள், நீ பாயாதே. முதல் கிலோமீட்டர் முழுவதும் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் போ. எண் அட்டையை நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி இரவே சட்டையில் மாட்டி வைத்துவிடு, காலையில் ஊக்கு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.