மண்ணைச் சொல்லுங்கள், டயரைச் சொல்கிறேன்

கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு. இசுசு வி-கிராஸ் 4×4 வைத்திருக்கிறேன். ஏ.டி. டயர்தான் (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது). ஐப்பசி மழையில் டயரின் பட்டன் (ரப்பர் கட்டை) இடுக்கெல்லாம் களி அடைத்து மொட்டை டயர் மாதிரி சுற்றுகிறது. எம்.டி.க்கு (மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர்) மாறலாமா?

மாறலாம். எம்.டி. டயரை நான் மனதார ஒப்புக்கொள்கிற மண் கரிசல்தான். ஏ.டி.யின் நெருக்கமான பட்டனுக்குள் களி புகுந்தால் வெளியே வராது. எம்.டி.யில் இடைவெளி அகலம் என்பதால், சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றியதும் களி தானாகத் தெறித்துவிடும். ஆனால் உங்களுக்குச் சேறு மூன்று மாதம், தார் ஒன்பது மாதம். பழைய ரிம் நான்கு கிடைத்தால் மழைக்காலத்துக்கு மட்டும் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் இருக்கிற ஏ.டி.யில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும். கம்ப்ரசர் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

நல்ல ஏ.டி. டயர் எது? விலை குறைவாக வேண்டும்.

கேள்வி முழுவதும் இவ்வளவுதான். என்ன வண்டி, என்ன மண், எவ்வளவு பாரம், மாதம் எத்தனை கிலோமீட்டர், எதுவும் இல்லை. மருத்துவரிடம் போய் ‘நல்ல மாத்திரை எது’ என்று மட்டும் கேட்பீர்களா? இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

வால்பாறையில் எஸ்டேட் வேலை. வாரம் இரண்டு முறை ஆழியாறு இறங்கி ஏறுகிறேன். எம்.டி. போட்டால் எஸ்டேட் பாதைக்கு நல்லது என்கிறார்கள்.

எஸ்டேட் பாதைக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் உயிர் இருப்பது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில். நனைந்த தாரில் எம்.டி. டயர் பிடிக்காது. பட்டன் குறைவாக இருப்பதால் ரோட்டைத் தொடும் ரப்பரும் குறைவு. பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். நல்ல ஏ.டி. போடுங்கள். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள். 1.6 என்பது சட்டத்துக்கான கணக்கு, வால்பாறை மழைக்கானதல்ல.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன், பெரும்பாலும் தக்காளிப் பெட்டி. பொலேரோ பிக்கப். கம்பீரமாக இருக்கட்டும் என்று அகலமான ஏ.டி. டயர் போட்டேன். நான்கே மாதத்தில் பின் டயர் பக்கவாட்டில் வெடித்துவிட்டது. இழை கிழிந்த ஒரு டயரை ஒட்டி ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன். கம்பெனி சரியில்லையா?

கம்பெனியைத் திட்டுவதற்கு முன், வெடித்த டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் ஒரு டயர் தாங்கும் பாரத்துக்கான குறியீடு. 105 என்றால் 925 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. கடையில் டயர் வாங்குகிறவர்கள் பட்டனைத் தடவிப் பார்க்கிறார்கள், வெள்ளை எழுத்தைப் பார்க்கிறார்கள், இந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பல கடைக்காரர்களும் சொல்வதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

கணக்குப் போடுங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று டன். அதில் இரண்டு டன் பின் அச்சில் உட்காரும். 105 எண் போட்ட டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,850 கிலோ. கார், எஸ்யூவிக்கான டயரைச் சரக்கு வண்டியில் போட்டால் அதிலும் பத்து சதவீதம் கழிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கம். அப்போது 1,700 கூட வராது. நீங்களோ தக்காளிப் பெட்டியை கேபினுக்கு மேலே வரை அடுக்குகிறீர்கள். பாரம் மிஞ்சினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும், உள்ளே இழைகள் பிரியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஒருநாள் சித்திரை வெயிலில் வெடிக்கும்.

வண்டியோடு வந்த டயரின் எண் என்ன என்று பாருங்கள். அதைவிட ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். எல்.டி. (லைட் டிரக், சிறு சரக்கு வண்டி) என்ற எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஆறு பிளையில் (பிளை என்பது டயரின் வலிமையைச் சொல்லும் இழை அடுக்குக் கணக்கு) வரும் சில எல்.டி. டயர்களின் எண் 104தான். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு எட்டு பிளை, பத்து பிளை வேண்டும். காற்றும் அதற்கேற்ற அளவில், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது பார்த்ததாகாது. அப்புறம், இழை கிழிந்த டயரை ஒட்டிப் போட்டு ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே கழற்றிப் போடுங்கள்.

குதிரைமொழித் தேரிப் பக்கம் மணல். எம்.டி. உதவுமா?

உதவாது, குழி தோண்டும். ஏ.டி. போதும். 16 முதல் 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கம்ப்ரசர் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஹைலக்ஸில் 265/65 ஆர்17 அளவு டயர் இருக்கிறது. 285/70 ஆர்17 போடலாமா?

விட்டம் 776லிருந்து 831 மில்லிமீட்டர் ஆகிறது, ஏழு சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 107ல் போய்க்கொண்டிருப்பீர்கள். திருப்பும்போது உள்ளே உரசும், இழுவை குறையும், டீசல் கூடும். 265/70 ஆர்17 வரை போகலாம், அது மூன்றரை சதவீதம்தான். அங்கேயும் பார எண்ணைப் பாருங்கள்.

செலவு மிச்சம் பிடிக்க, 4×4 வண்டியில் பின்னால் மட்டும் இரண்டு எம்.டி.?

வேண்டாம். முன்னும் பின்னும் விட்டம் மாறினால் நான்கு சக்கர இழுவை போட்ட நேரத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். மழையில் பின்பக்கம் முதலில் வழுக்கும்.

டயரில் மலையும் பனிப்பூவும் அச்சிட்டிருந்தால் ஊட்டிக்கு நல்லதா?

அது வெண்பனி கொட்டி மூடிய சாலைக்கான முத்திரை. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பாதி விலைக்குப் புது எம்.டி. டயர் கிடைக்கிறது. வாங்கலாமா?

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள், அது தயாரித்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். இரண்டு வருடத்துக்கு மேல் பழசென்றால் நான் வாங்கமாட்டேன். ஆறு வருடம் தாண்டியதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

எம்.டி. போட்டு 10,000 கி.மீ. ஆகிறது. இப்போது விமானம் மாதிரி இரைகிறது.

ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கும். உள்ளங்கையை இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள், ஒரு திசையில் அறுக்கும். 8,000க்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றியிருக்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. இப்போது மாற்றினால் இரைச்சல் கொஞ்சம் தணியும், முழுதாகப் போகாது. அலைன்மெண்ட்டும் பார்த்துவிடுங்கள். காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை.