ஆங்கிலத்தில் 'லீன் ஆன்' (lean on) என்பதற்கு ஒருவரை நெருக்குதல் என்ற பொருளும் உண்டா? எப்போது அப்படிப் பயன்படுத்த வேண்டும்?

ஆம், உண்டு. ஒன்றின் மீது சாய்ந்து நிற்பது, ஒருவரது துணையை நம்பியிருப்பது என்ற பொருள்களில்தான் நம்மில் பெரும்பாலோர் 'லீன் ஆன்' என்பதை முதலில் படித்திருப்போம். ஆனால், தன் செல்வாக்கைக் கொண்டு ஒருவரை நெருக்கி, அவர் விரும்பாத ஒன்றைச் செய்ய வைக்க முயல்வதையும் இதே ஃபிரேசல் வெர்ப் (வினையோடு 'ஆன்' போன்ற சிறு சொல் சேர்ந்த தொடர்) குறிக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய, யாருடைய பிடி யார் மீது இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 'ஷி லீன்ஸ் ஆன் ஹர் சிஸ்டர் ஃபார் அட்வைஸ்' என்றால், அவள் ஆலோசனைக்குத் தன் சகோதரியை நம்பியிருக்கிறாள். 'தி மேனேஜர் லீன்ட் ஆன் ஹிம் டு ரிசைன்' என்றால், வேலையை விட்டு விலகும்படி மேலாளர் அவரை நெருக்கினார். ஆளைக் குறிக்கும் சொல்லை அடுத்து 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் துணை. 'டு' சேர்ந்த வினை வந்தால் பெரும்பாலும் நெருக்கடி. 'ஹெவிலி' என்ற அடைமொழி இரண்டோடும் ஒட்டும் என்பதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இந்தச் சொல் சரியாகப் பொருந்தும் நிகழ்வாக எனக்குத் தோன்றுவது 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி. இஸ்ரேலைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கியபோது, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தம் நட்பு நாடான பிரிட்டனுக்கு எதிராகப் படை எதையும் அனுப்பவில்லை. பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டிருந்த அந்த வேளையில், பன்னாட்டு நாணய நிதியத்திலிருந்து பிரிட்டன் பணம் பெறுவதற்கு அவரது அரசு முட்டுக்கட்டை போட்டது. பிரதமர் ஈடன் நவம்பர் 6 அன்று போர் நிறுத்தத்துக்கு இணங்கினார். டிசம்பர் இறுதிக்குள் பிரிட்டன், பிரான்ஸ் படைகள் வெளியேறின. 'வாஷிங்டன் லீன்ட் ஆன் லண்டன்' என்று இதைத் தயங்காமல் எழுதலாம், ஏனெனில் மறுத்தால் இழப்பதற்குப் பிரிட்டனிடம் ஏதோ ஒன்று இருந்தது, அது அமெரிக்காவின் கையில் இருந்தது.

தமிழில் செய்தி எழுதுவோர் இதை 'வலியுறுத்தினார்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அதில் அதிகாரத்தின் பாரம் மறைந்து, நெருக்கியவர் வெறுமனே கருத்துச் சொன்னவர் ஆகிவிடுகிறார். 'மிரட்டினார்' என்பதோ அளவு மீறியது. மிரட்டல் வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே 'லீன் ஆன்' நிகழக்கூடும். 'நெருக்கடி கொடுத்தார்' என்பதே பெரும்பாலான இடங்களில் பொருந்தும்.

இதை ஒத்த வேறு தொடர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'புஷ் அரவுண்ட்' என்பது ஒருவரை ஓயாமல் அதட்டி ஆட்டிப்படைப்பது. அதற்குக் குறிப்பிட்ட நோக்கம் ஒன்று இருக்க வேண்டியதில்லை. 'ப்ரிவேல் அபான்' என்றால் அவர் இணங்கிவிட்டார் என்றே பொருள். 'லீன் ஆன்' முயற்சியை மட்டுமே சொல்கிறது; அவர் பணிந்தாரா இல்லையா என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

அலுவலகக் கடிதத்திலோ புகார் மனுவிலோ இதை எழுதாதீர்கள். இது பேச்சு நடையைச் சேர்ந்தது, அதோடு முறையற்ற நெருக்குதல் என்ற குற்றச்சாட்டும் இதில் தொனிக்கும். அங்கே 'புட் ப்ரஷர் ஆன்' என்று எழுதி, என்ன சொல்லி நெருக்கினார்கள் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.